ஒரு ராத்தலும் ஓரணாவும்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒருவன், இலையில் சோறு விழுந்த மாத்திரத்தில் அள்ளி அள்ளி விழுங்க ஆரம்பித்தால், "தாது வருஷத்திலே அடிபட்டவன் மாதிரி என்னடா அவசரம்?" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். சிறு வயதில் இதைக் கேட்டபோதெல்லாம் தாது வருஷம் என்பது ஏதோ புராண காலத்துச் சங்கதி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வருகிற வருஷம்தான் அது. 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. கேலியில் நிலைத்து நிற்பது 1876-ம் ஆண்டு சித்திரையில் பிறந்த தாது ஒன்றுதான். அடுத்து வந்த ஈசுவர வருஷத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் அது ஜனங்களை வாட்டி எடுத்தது.

அந்தப் பஞ்சத்தின் முழுக் கதையையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது ஒரு கட்டுரைக்குள் அடங்குகிற கதையும் அல்ல. அதில் ஒரே ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்தவனுக்கும் கல் உடைத்தவனுக்கும் சர்க்கார் கொடுத்த நாள் கூலி என்ன, அதைக் கொண்டு அவன் எப்படிப் பிழைத்தான் என்பதுதான் அந்தக் கணக்கு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பெரிய பெரிய துரைமார்கள் இதன் பேரில் மாதக்கணக்கில் கடிதப் போர் நடத்தியிருக்கிறார்கள். போர் நடந்தது அரை ராத்தல் தானியத்துக்காக.

1876-ல் தென்மேற்குப் பருவ மழை ஏமாற்றிற்று. ஐப்பசி மழையும் கைவிட்டது. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயமுத்தூர் என்று சென்னை ராஜதானியின் வறண்ட ஜில்லாக்கள் எல்லாம் காய்ந்தன. முதலில் விழுந்தவர்கள் நிலம் இல்லாதவர்கள். பண்ணையாளுக்கு வேலை நின்றது. தறிக்காரர் நெய்த துணியை வாங்குவாரில்லை. தானிய விலையோ ரயிலேறிப் போயிற்று. இதைச் சிலேடைக்காகச் சொல்லவில்லை. முந்தைய பஞ்சங்களில் ஒரு ஊர் காய்ந்தால் அந்த ஊரில்தான் விலை ஏறும். இப்போது ரயில் வந்துவிட்டதால் எந்த ஊரில் விலை அதிகமோ அந்த ஊருக்குத் தானியம் ஓடிற்று. காயாத ஊரிலும் விலை ஏறிற்று. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய அரிசி மூட்டைகள் கடற்கரையில் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. மூட்டை இருந்தது, வாங்கக் காசுதான் இல்லை.

அப்போது சென்னைக்குக் கவர்னர் பக்கிங்காம் கோமகன். அவரை நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் தள்ள முடியாது. முதலில் அவருடைய சர்க்கார் நிவாரண வேலைகளைத் தாராளமாகவே திறந்தது. 30,000 டன் தானியத்தை ஒரு வர்த்தகக் கம்பெனி மூலம் ரகசியமாக வாங்கியும் வைத்தது. ரகசியம் எதற்கு என்று கேட்பீர்கள். சர்க்கார் தானியம் வாங்குவது வியாபாரத்தில் தலையிடுவதாகும். வியாபாரத்தில் தலையிடுவது பெரும் பாவம் என்பது அந்தக் காலத்துப் பொருளாதார வேதம். விஷயம் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் காதுக்கு எட்டியதும் கண்டனம் வந்தது. பின்னாலேயே ஒரு மேற்பார்வையாளரும் வந்தார். அவர்தான் சர் ரிச்சர்டு டெம்பிள்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த டெம்பிள் துரையைப் போல் ஒரு பாத்திரம் கிடைப்பது அருமை. அவர் கல் நெஞ்சராகப் பிறந்தவர் அல்ல. மூன்று வருஷங்களுக்கு முன், 1873-74-ல், பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இவரேதான். பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசியை வரவழைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் வேலை, முடியாதவர்களுக்குச் சோறு. பட்டினியால் செத்தவர்கள் மிகச் சிலரே. பிரிட்டிஷ் ஆட்சியில் அப்படி ஒரு பஞ்ச நிவாரணம் அதற்கு முன்னும் நடந்ததில்லை. பின்னும் வெகு காலம் நடக்கவில்லை. அதற்காக அவருக்கு மாலையா போட்டார்கள்? கஜானாவைக் காலி செய்துவிட்டார் என்று வசை பாடினார்கள். லண்டன் 'எக்கானமிஸ்ட்' பத்திரிகை, இந்தியர்களை உயிரோடு வைத்திருப்பது சர்க்காரின் கடமை என்று அவர்களை நம்ப வைத்துவிட்டாரே என்று வருத்தப்பட்டது. மனிதர் பாடம் கற்றுக்கொண்டார். ஜனங்களைக் காப்பாற்றியதற்காக அடி வாங்கிய உத்தியோகஸ்தன் அடுத்த தடவை எதைக் காப்பாற்றுவான்? 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த டெம்பிள், பீகார் டெம்பிள் அல்ல.

அதே ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறை சாற்றினார்கள். அந்த மாதக் கடைசிக்குள் தென்னாட்டில் கூலி குறைந்தது.

டெம்பிள் வகுத்த கூலி இதுதான்: ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்கும் காசும், அதற்கு மேல் ஓரணாவும். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இதோடு இன்னொரு நிபந்தனை. வேலை கேட்கிறவன் தன் ஊரிலேயே இருந்துகொண்டு வேலை செய்யக்கூடாது. பத்து மைலுக்கு அப்பால் இருக்கிற முகாமுக்குப் போக வேண்டும். உண்மையில் பசித்தவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது ஊகம். பசி முற்றியவனால் பத்து மைல் நடக்க முடியுமா என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இப்படிச் சலித்து எடுத்ததில் லட்சக்கணக்கானவர்கள் நிவாரணப் பட்டியலிலிருந்து கழன்றார்கள். கழன்றவர்கள் எல்லோரும் தேவை இல்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு ராத்தல் என்றால் எவ்வளவு? எனக்கே சரியாகப் பிடிபடாமல், ஒரு நாள் சமையலறைக்குப் போய் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். 450 கிராம்; பழைய கணக்கில் பதின்மூன்று பலத்துக்குக் கிட்டத்தட்ட வரும். தட்டில் கொட்டிப் பார்த்தால் கும்பாச்சியாகத்தான் இருக்கிறது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு இது? ஒரு ஆளுக்கா? இவ்வளவையும் ஒரு ஆள் சாப்பிட முடியுமா?" என்றாள்.

நான் அன்று முழுவதும் இந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் டெம்பிள் துரையின் வாதமும் ஏறக்குறைய இதுவேதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு ஒரு வேளைக்கு நூறு கிராம் அரிசி போதும். ஆனால் என் இலையில் சோறு தனியாகவா விழுகிறது? பருப்பு, நெய், குழம்பு, இரண்டு கறி, ரசம், மோர் என்று பின்னால் ஒரு பரிவாரமே வருகிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் அரிசியை மட்டும் வைத்து, காலை முதல் மாலை வரை வெயிலில் மண் வெட்டச் சொன்னால் அப்போது தெரியும் ஒரு ராத்தலின் பெருமை. இன்றைய கணக்கில் 450 கிராம் அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி. கடினமாக உழைக்கிற ஆணுக்கு வேண்டியது 3,000 அல்லது அதற்கும் மேல். பாதிதான் கிடைக்கிறது. மீதிப் பாதியை உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுக்கும்; முதலில் கொழுப்பை, பிறகு சதையை. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவனிடம் இந்த இரண்டும் ஏற்கெனவே இல்லை.

ஓரணா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயம் அல்ல. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அரிசி ரூபாய்க்கு எட்டு ராத்தல் என்று விற்றால் ஓரணாவுக்கு இன்னும் அரை ராத்தல் வாங்கலாம். ஆனால் உப்பு, மிளகாய், புளி, விறகு, கிழிந்த துணிக்கு மாற்று எல்லாம் அந்த அணாவுக்குள்தான். விலை ஏற ஏற அணா இளைத்துக்கொண்டே போகும். ராத்தலுக்குக் கொடுக்கிற காசாவது தானிய விலையோடு சேர்ந்து ஏறியது, அணா அப்படியே நின்றது. பசித்த ஊரில் சரக்கு வைத்திருக்கிற கடைக்காரன் எடை எப்படிப் போடுவான், கூலி பட்டுவாடா செய்கிற மேஸ்திரியின் விரலிடுக்கில் எவ்வளவு ஒட்டும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் மேல், வேலை செய்ய முடியாத கிழவியும் கைக்குழந்தையும் வீட்டில் இருந்தால், அந்த ஒரு ராத்தலுக்குள் அவர்களுடைய வாயும் உண்டு. இலவசக் கஞ்சித் தொட்டிகள் இருந்தன. எல்லா ஊரிலும் இல்லை, எல்லோருக்கும் இல்லை.

செய்த வேலை என்ன? பெரும்பாலும் மண் வேலை. ஏரிக்கரை, சாலை, சாலைக்குப் போடுகிற ஜல்லி, கால்வாய். சென்னைப் பட்டணத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து எட்டு கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் ஓடுகிறதல்லவா? அது 1877-78-ல் இப்படிப்பட்ட கூலிகள் வெட்டியது. இன்று அதற்கு மேலே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ரயிலில் போகிறவர்கள் கீழே பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மண்வெட்டியும் கூடையுமாக அதை வெட்டியவர்களுக்கு அந்த வாசனைகூடக் கிடைக்கவில்லை, காய்ந்த மண்தான்.

டெம்பிளை எதிர்த்து எழுந்தவர் ஒரு டாக்டர். பெயர் கார்னிஷ், சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். தென்னாட்டு ஜனங்கள் எந்தெந்த ஜில்லாவில் எதை, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதைப் பஞ்சத்துக்குப் பதின்மூன்று பதினான்கு வருஷங்களுக்கு முன்பே ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் அவர். சிறைச்சாலை உணவைப் பற்றியும் நன்கு அறிந்தவர். அவர் கேட்டது எளிய கேள்வி: கடுங்காவல் கைதிக்கு நம்முடைய ஜெயிலிலேயே ஒரு ராத்தலுக்கு மேல் தானியமும் பருப்பும் காய்கறியும் கொடுக்கிறோமே, குற்றம் ஒன்றும் செய்யாமல், மானமாக உழைக்க வந்தவனுக்கு அதைவிடக் குறைவா? உழைக்கிற ஆணுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும். அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும். அரிசி மட்டும் தின்றால் சதை வளர்ப்பதற்குரிய சத்துக் கிடைக்காது என்று அவர் வாதாடினார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. டெம்பிளின் குறிப்புகளுக்குப் பதில் எழுதி அச்சிட்டும் விட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, வைஸ்ராய் அனுப்பிய ஆளை எதிர்த்து இப்படி அச்சில் ஏறுவதற்குத் துணிச்சல் வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்த வெள்ளைக்காரரை நான் மதிக்கிறேன்.

டெம்பிளும் சளைக்கவில்லை. மிகக் குறைந்த பணத்தில் உயிரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம், மற்றவையெல்லாம் அதற்கு அடுத்தபடிதான் என்று அவர் எழுதினார். ஒரு ராத்தலைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. பரீட்சை என்றால் தவறிப் போகவும் இடம் உண்டு. தவறினால் என்ன ஆகும் என்பதை மண்வெட்டி பிடித்தவனிடம் யாரும் கேட்கவில்லை. அதிகமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகி நிவாரணத்தையே நம்பிக் கிடப்பார்கள் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. இந்தப் பயம் அந்த ஆட்சியோடு கப்பலேறிப் போய்விடவில்லை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பம்பாய் ராஜதானியிலும் இதே கூலி வந்தது. அங்கே வேறு ஒன்று நடந்தது. 1877 ஜனவரி முதல் மார்ச் வரை ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், "இந்தக் கூலிக்கு வேலை செய்யமாட்டோம்" என்று நிவாரண வேலையை விட்டே வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம்! புனாவிலிருந்த சார்வஜனிக சபை அவர்களுக்காக மனு மேல் மனு எழுதிற்று. இங்கே அப்படி எழுதுவதற்கு வலுவான சபை ஒன்றும் இல்லை. 'இந்து' பத்திரிகை பிறந்தது 1878-ல். சென்னை மகாஜன சபை தோன்றியது 1884-ல். கூலிக்காரனுக்காக இங்கே பேசியவர்கள் ஒரு டாக்டரும், 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி என்ற பத்திரிகைக்காரரும்தான். டிக்பி பிற்பாடு, 1878-ல், இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பெரிய புத்தகங்களாக எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் இந்த அரை ராத்தல் சண்டை நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்திராது.

மார்ச் மாதம் சென்னை சர்க்கார் பாதி வழி இறங்கி வந்தது. ஒரு ராத்தலை ஒன்றேகால் ராத்தலாக்கி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் சேர்த்தது. ஒன்றரை அவுன்ஸ் பருப்பு என்பது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பருப்புக்கு இரண்டு மாதச் சண்டை. அதற்குள் எத்தனையோ பேருக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் லிட்டன் பிரபுவே தெற்கே வந்து, பல்லாரியில் கோமகனைச் சந்தித்தார். சென்னைப் பக்கத்து நிவாரண முகாம்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். முகாம்கள் வனபோஜனம் மாதிரி இருக்கின்றன, உள்ளே இருப்பவர்கள் ஒரு வேலையும் செய்யாமல் கொழுத்துப் போயிருக்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். லிட்டன் பிரபு கவிஞரும்கூட, கற்பனைக்குக் குறைவில்லை.

கற்பனை இல்லாத சாட்சி ஒன்று இருக்கிறது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அப்போது சென்னை ராஜதானியில் எடுத்த புகைப்படங்கள். நிற்க முடிந்தவர்களை நிறுத்தியும், முடியாதவர்களை உட்கார வைத்தும், குடும்பம் குடும்பமாக எடுத்திருக்கிறார். விலா எலும்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். முழங்கால் மூட்டு தொடையைவிடப் பருத்திருக்கிறது. அந்தப் படங்களில் எனக்கு மறக்காமல் நிற்பது எலும்புகள்கூட அல்ல. அந்தக் காலத்துப் புகைப்படத்துக்குச் சிறிது நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அவர்கள் ஆடவில்லை. ஈயைக்கூட ஓட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மாயவரத்தில் முன்சீப் உத்தியோகம் பார்த்து ஓய்ந்திருந்த வேதநாயகம் பிள்ளை, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது இந்தப் பிள்ளையவர்கள் எழுதியதுதான். என் ஜாதிக்காரர், அதாவது நாவல் ஜாதிக்காரர், அந்தத் தாது வருஷத்தில் கரண்டி பிடித்தார் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. கிராமங்களில் பெண்கள் பஞ்சத்தைக் கும்மியாகவே பாடிவிட்டார்கள்.

2001-ல் மைக் டேவிஸ் என்ற அமெரிக்கர் இந்தப் பஞ்சங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். டெம்பிள் கூலியின் தானியம் 1,627 கலோரி என்று கணக்கிட்டு, ஹிட்லரின் புக்கன்வால்ட் முகாமில் கைதிக்குக் கொடுத்த 1,750 கலோரியை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உலகமெங்கும் இந்த ஒப்பீட்டை எடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தக் கணக்கில் ஓரணா சேரவில்லை. அணாவில் ஒரு பங்காவது வாய்க்குப் போயிருக்கும். முகாமை விட்டு ஓடினால் புக்கன்வால்டில் சுட்டார்கள். இங்கே ஓடுகிறவனைத் தடுக்க யாரும் இல்லை, போவதற்குத்தான் இடம் இல்லை. அதைவிட, கார்னிஷ் காட்டிய ஒப்பீடே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அது அதே ஊர், அதே வருஷம், அதே சர்க்கார். ஒரு சுவருக்கு உள்ளே ஒரு அளவு, வெளியே ஒரு அளவு.

1877 செப்டம்பரில் சென்னை ராஜதானியில் 20 லட்சம் பேருக்கு மேல் நிவாரணத்தில் இருந்தார்கள். பிறகு மழை பெய்தது. டெம்பிள் அந்த ஆண்டே பம்பாய்க்குக் கவர்னராகிப் போயிருந்தார். நகரத்துக் கால்வாய் மட்டுமல்ல, வடக்கே எண்ணூர் வழியாக ஆந்திரக் கரை வரையில் ஓடுகிற கால்வாய் முழுவதற்கும் 1878-ல் பக்கிங்காம் பெயரை வைத்தார்கள். ஸ்ட்ரேச்சி என்பவர் தலைமையில் ஒரு பஞ்சக் கமிஷன் உட்கார்ந்து, 1880-ல் அறிக்கை கொடுத்தது. உழைக்கிற ஆணுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் கமிஷன் சொன்ன பதில் ஒன்றரை ராத்தல். கார்னிஷ் கேட்ட அதே அளவு.

மறு வருஷம், 1881-ல், குடிக்கணக்கு எடுத்தார்கள். 1871-ல் 19,66,995 பேர் இருந்த சேலம் ஜில்லாவில் 15,99,595 பேர் இருந்தார்கள். குறைந்த மூன்று லட்சத்து அறுபத்தேழாயிரத்தில் கண்டிக்குக் கப்பலேறியவர்கள் எத்தனை பேர், காலராவில் போனவர்கள் எத்தனை பேர், ஒரு ராத்தலும் ஓரணாவும் வாங்கி மண் சுமந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கில் தனித்தனியாகப் போடவில்லை.